நடத்தை திருப்தியில்லை

தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை மதியம் வந்தது. தபால்காரர் கையில் கொடுத்ததும் வாசலில் நின்றபடியே படித்தேன். வட்டார வளர்ச்சி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில் உன்னை ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் சேலம் ஜங்ஷனில் தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பார். அடுத்த பக்கத்தைப் படித்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். முதல் வகுப்பில் என்ன பேசலாம் என்று யோசித்தாயாம். சின்ன வயதிலிருந்து அம்மா வாயால் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட அந்தத் தண்ணீர் குடித்த கதையையே சொல்லப் போகிறாயாம். மக்களிடம் எப்படிப் போய்ப் பழக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

அந்தக் கதையை நீ சொல்லக் கூடாது தம்பி. சொல்வதானால் முழுவதையும் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தது பாதிதான், ஏனென்றால் நான் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டாகிவிட்டது. இது மூன்றாவது. இதையும் கிழிப்பதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் அது. நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாமக்கல் பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் சேலத்துக்குத் திரும்புவேன். நீயும் அப்பாவும் சமைத்துச் சாப்பிட்டீர்கள். சர்க்கார் அப்போதுதான் கிராமங்களை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வளர்ச்சி வேலைகளை ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பெண்களுக்கான வேலையை நடத்த ஒரு பெண் அதிகாரி தேவைப்பட்டாள். மாதர் சங்கம் தொடங்குவது, சத்துணவு, பிள்ளை வளர்ப்பு, சுகாதாரம் எல்லாவற்றையும் அவள்தான் பார்க்க வேண்டும். அவளுக்குக் கீழே நாலைந்து கிராம சேவிகாக்கள் இருப்பார்கள். அப்படிப் போகவிருந்த பெண்களுக்கு நாங்கள் பயிற்சி கொடுத்தோம். மக்கள் சொல்வதைக் கேட்பது எப்படி என்பது என் பாடம். கிராமத்து வீட்டுக்குப் போனால் தரையில் உட்காருங்கள், முதல் நாளே நோட்டைத் திறக்காதீர்கள், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள், குறுக்கே பேசாதீர்கள் என்றெல்லாம் சொல்லுவேன். என் வகுப்புக்கு நல்ல பெயர் இருந்தது. நிலையத்தின் அடுத்த முதல்வர் நான்தான் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

அந்த வருஷம் பயிற்சிக்கு வந்த அணியில் தெய்வானை என்று ஒரு பெண் இருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா இல்லை, அம்மாவும் ஒரு அண்ணனும். அந்த ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் பெண் அவள்தான். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று அவள் அண்ணன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். அப்போது லாரியில் கிளீனராக இருந்தான். "எந்தங்கச்சிங்க. ஆபீசராப் போவோணும்னு ஆசைங்க. நீங்கதான் பாத்துக்கோணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். கதை சொன்ன எந்தத் தடவையும் இவள் பெயரை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ யோசித்துப் பார்த்தால் தெரியும்.

தை மாதக் கடைசியில் பயிற்சிப் பெண்கள் இருபது பேரையும் கூட்டிக்கொண்டு சங்ககிரிக்குத் தெற்கே ஒரு சின்ன வளவுக்குப் போனோம். முப்பது வீடு இருக்கும். எல்லாம் பனையோலை வேய்ந்த குடிசைகள். எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்கு மட்டும் மழையை நம்பி விதைக்கிற துண்டு நிலம் இருந்தது. பன்னிரண்டு நாள் அங்கே தங்கி, மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் செய்து காட்டுவது பயிற்சி. ஆனால் என்ன செய்வது என்பதை நாங்கள் புறப்படும் முன்பே முடிவு செய்தாகிவிட்டது. புகையில்லா அடுப்பு. களிமண்ணால் அடுப்பு கட்டி, சுட்ட மண் குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு வெளியே அனுப்புவது. மாசி நடுவில் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்க்க வருவதாக இருந்தது. முப்பது வீட்டிலும் அடுப்பு இருக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். மண் குழாய்கள் எங்களுக்கு முன்பே வண்டியில் போய் இறங்கிவிட்டன.

நாலாம் நாள் காலையில் தெய்வானை என்னிடம் வந்தாள். "டீச்சர், எனக்குக் குடுத்த வரிசையில பாவாயக்கா ஊட்டுல அடுப்பு வேண்டாம்னு சொல்றாங்க. பக்கத்துல மூணு ஊட்டுலயும் அதேதான் சொல்றாங்க" என்றாள்.

"ஏன் வேண்டாமாம்?"

"வெதைச் சோளத்தை அடுப்புக்கு நேர் மேலதானுங்க கட்டித் தொங்க விட்டிருக்கறாங்க. பொகை பட்டாத்தான் பூச்சி விழாதுங்களாம். ஆடி வரைக்கும் அது அங்கயேதான் இருக்கோணும்ங்கறாங்க. எங்கூட்லயும் அப்படித்தானுங்க டீச்சர். பொகை வெளிய போயிட்டா வெதை கெட்டுரும்."

"விதையைப் பானையில் போட்டு மூடி வைக்கச் சொல்."

"சொன்னனுங்க. பானையில வச்சு ஒரு வருசம் போச்சுன்னு சொல்றாங்க. நாம ஒண்ணு பண்ணலாமுங்க டீச்சர். அந்த நாலு ஊட்டை மட்டும் விட்டுட்டு, ஏன் விட்டோம்னு அறிக்கையில எழுதலாமுங்க. வர்ற ஆபீசருக்கும் தெரியட்டுமே."

அவள் சொன்னது அத்தனையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். கேட்டிருக்கிறாள், காரணத்தை விசாரித்திருக்கிறாள், தன் வீட்டில் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், ஒரு வழியும் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல் வந்தது. முப்பதில் நாலு குறைந்தால் முதல்வர் முகம் எப்படி இருக்கும் என்றுதான் மனசு போயிற்று. "உனக்குப் பேசத் தெரியவில்லை. வா, எப்படிப் பேசுவது என்று நான் காட்டுகிறேன்" என்று சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு பாவாயி வீட்டுக்குப் போனேன்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரிந்த கதை. பாவாயிக்கு முப்பது வயது இருக்கும். மூன்று பிள்ளைகள். குனிந்துதான் உள்ளே போக முடியும், அப்படிப்பட்ட குடிசை. நான் மண் தரையில் உட்கார்ந்தேன். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஊரில் பிறந்தாய், எத்தனை வயதில் கட்டிக் கொடுத்தார்கள், பெரியவன் பள்ளிக்கூடம் போகிறானா, கண் எரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எரியுதுங்க. எரிஞ்சா என்னங்க பண்றது" என்று சிரித்தாள். ஒரு மணி நேரம் அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "தாகமாக இருக்கிறது பாவாயி, கொஞ்சம் தண்ணீர் கொடு" என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். "எங்கூட்டுலீங்களா?" என்றாள்.

"ஏன், உன் வீட்டுத் தண்ணீருக்கு என்ன?"

அவளுடைய சாதியார் வீட்டில் வெளியாட்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவள் ஒரு சொம்பை எடுத்துச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்து, தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள். நான் முழுவதையும் குடித்தேன். குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அடுப்பைக் கட்டிக்கொள்ளலாமா பாவாயி?" என்று கேட்டேன்.

அவள் மேலே பார்த்தாள். கூரைக் கழியில் புகை படிந்து கறுத்த சோளக் கதிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அப்புறம் சொம்பைப் பார்த்தாள். "எங்கூட்டுல தண்ணி குடிச்சுட்டீங்க. நீங்க சொல்லி நான் எப்படிங்க மாட்டேங்கறது. கட்டுங்க சாமி" என்றாள். பாவாயி சரி என்றதும் பக்கத்து மூன்று வீடும் சரி என்றது. வெளியே வந்து தெய்வானையிடம், "பார்த்தாயா, இப்படித்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

உனக்கு இங்கேயே கதை முடிந்துவிடும். சென்னை அதிகாரி வந்தார், முப்பது அடுப்பையும் பார்த்தார், என் கையைப் பிடித்துப் பாராட்டினார் என்று சொல்லி நான் நிறுத்திவிடுவேன். அவர் வந்ததும் பாராட்டியதும் உண்மைதான். அவர் போன மறுநாள் பயிற்சிப் பெண்களின் நாட்குறிப்புகளை வாங்கித் திருத்த உட்கார்ந்தேன். தெய்வானையின் நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே இப்படி இருந்தது: "பாவாயி விதை கெட்டுவிடும் என்று காரணம் சொல்லி அடுப்பை மறுத்தார். ஆசிரியை அவர் வீட்டில் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு பாவாயியால் மறுக்க முடியவில்லை. விதைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை."

அவளைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னேன்.

"நான் பாத்ததத்தானுங்க எழுதியிருக்கறேன் டீச்சர்."

"நீ பார்த்தது தப்பு."

"எதுங்க தப்பு? அவங்க மொதல்ல வேண்டாம்னு சொன்னது தப்புங்களா? நீங்க தண்ணி குடிச்சது தப்புங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் அவகாசம் கொடுத்தேன்; அவள் மாற்றி எழுதவில்லை. நாட்குறிப்புகள் முதல்வரிடம் போக வேண்டும். அவர் அதைப் படித்தால் என் கதி என்ன என்று பயந்தேன். அந்த நோட்டை நானே வைத்துக்கொண்டேன். பயிற்சி முடிவில் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் ஆசிரியர் எழுதும் தாளில், தெய்வானைக்கு நேரே, "நடத்தை திருப்தியில்லை. பொறுப்பான பதவிக்கு ஏற்றவர் அல்லர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். ஆனால் வயசுப் பெண் ஒருத்தியைப் பற்றி அந்த வார்த்தையை எழுதினால் ஊர் எப்படிப் படிக்கும் என்று தமிழ் தெரிந்த யாருக்குத்தான் தெரியாது? நான் இருபது வருஷம் பெண்களுக்குப் பாடம் நடத்தியவள். பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசித்தேனோ என்னவோ, அதுகூட இப்போது எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நிலையத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போன கடிதத்தில் அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பினார்கள். அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். இந்தத் தடவை அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. தெய்வானை மட்டும் திரும்பி, "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடியில் புதிய அணியைக் கூட்டிக்கொண்டு அதே வளவுக்குப் போனேன். முதல் மழை பெய்து ஊரெல்லாம் உழுதுகொண்டிருந்தார்கள். பாவாயி வீட்டு வாசலில் சோளக் கதிர்கள் ஒரு சாக்கில் குவிந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். மாவாக உதிர்ந்தது. மணிக்கு மணி ஓட்டை. ஒரு தட்டுத் தட்டியதும் அந்துப் பூச்சிகள் கிளம்பிப் பறந்தன. உள்ளே நான் கட்டிய அடுப்பின் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அடுப்புக் குழிக்குள் ஒரு கோழி முட்டையிட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று கல் வைத்துப் பழையபடி சமையல்.

"நாலு ஊட்டுலயும் இப்படித்தானுங்க ஆயிப்போச்சு" என்றாள் பாவாயி. என் முகம் மாறியதைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். "நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க சாமி. கண்ணு எரியாம நாலு மாசம் இருந்தமுங்க."

"விதைக்கு என்ன செய்வாய்?"

"இந்த வருசம் காடு சும்மாத்தான் கெடக்கோணும். எங்கூட்டுக்காரரு சங்ககிரிக்கு லாரி லோடு ஏத்தப் போயிட்டாருங்க. நாங்களும் போயிருவோமாட்ட இருக்குது."

அடுத்த வருஷம் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று பக்கத்தில் கேட்டேன். சங்ககிரியில் சில மாதம் இருந்துவிட்டு வேறு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் நான் தேடவில்லை. விதை கெட்டதைப் பற்றி ஒரு வரி அறிக்கையில் எழுதினேனா என்றால் அதுவும் இல்லை. நிலைய முதல்வர் ஆனேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், வந்த ஒவ்வொரு அணிக்கும் பாவாயி வீட்டில் தண்ணீர் குடித்ததைப் பாடமாகச் சொன்னேன். கேட்டவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எத்தனை வட்டாரங்களில் எத்தனை பேர் எத்தனை வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, தாங்கள் கொண்டுபோனதைத் தலையில் கட்டிவிட்டு வந்தார்களோ. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு மட்டும் முழுக் கதையும் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நான் உன்னிடம் அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், நீ கை கழுவப் போன சமயம் பார்த்து, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "உனக்குத் தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போனேன். மாதம் ஒருமுறை சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உன்னை அடித்ததைச் சொன்னேன், அப்பாவிடம் கோபப்பட்டதைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்பதை மறந்துபோய்த் தின்றதைக்கூடச் சொன்னேன். தெய்வானையைச் சொல்லவில்லை. அது ஆபீஸ் விஷயம், பாவத்தில் சேராது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

உன்னிடமும் இதையேதான் செய்தேன் தம்பி. பள்ளிப் படிப்பு முடித்ததும் நாமக்கல்லில் மாமாவின் லாரி பாடி கட்டும் பட்டறையில் சேருகிறேன் என்று நின்றாய். உனக்கு மர வேலை அவ்வளவு பிடிக்கும். அப்பா, "அவன் விருப்பம்" என்றார். நான் ஒருநாள் சாயங்காலம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறையில் உனக்கு என்ன பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீ தேக்கைப் பற்றி, வேங்கையைப் பற்றி, பலகையை வளைப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாய். நான் முகம் கோணாமல் கேட்டேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்து நீயே, "சரிம்மா, விவசாயக் காலேஜுக்கே போறேன்" என்றாய். நான் அப்பாவிடம் போய், "பாருங்க, நான் ஒண்ணும் சொல்லலை, அவனாத்தான் சொன்னான்" என்றேன். நீ இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறாய். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. நான் அன்று உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நீ களைத்துப்போகும் வரை காத்திருந்தேன்.

உன்னிடம் வருகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். கிராமத்துக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். பதிலை முன்கூட்டியே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கேள்வி கேட்கப் போகிறோமே, அதை அவர்களிடம் எப்படியாவது புரிய வை. மக்கள் வேண்டாம் என்று சொன்னதை எழுத அறிக்கையில் இடம் இருக்க வேண்டும். அதை எழுதிக்கொண்டு வருகிறவனை நீ பக்கத்தில் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். உன்னை எதிர்த்துப் பேசுகிற மாணவன் ஒருத்தன் கட்டாயம் வருவான். அவனைப் பற்றி ஏதாவது எழுத வேண்டியிருந்தால் அன்றைக்கே எழுதாதே. எழுதிய வார்த்தையை அவன் வீட்டில் யார் யார் படிப்பார்கள் என்று யோசித்த பிறகு கையெழுத்துப் போடு.

இதையெல்லாம் உனக்கு எழுத உட்கார்ந்தபோது, தெய்வானையைப் பார்க்காமல் இதை எழுதினால் அதுவும் ஒரு பிரசங்கம்தான் என்று தோன்றியது. உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறினேன். அவள் ஊர்ப் பெயர் எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை. ரோட்டில் இறங்கி விசாரித்ததும் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே வீட்டைக் காட்டினார்கள். அவள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையில் நரை. முப்பத்திரண்டு வயதுதான் ஆகியிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர்" என்றாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பாய் எடுத்துவந்து போட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "பாவாயக்கா எப்படிங்க இருக்கறாங்க?" என்பது.

தெரியாது என்றேன். விதை கெட்டதையும் அவர்கள் ஊரை விட்டுப் போனதையும் சொன்னேன். அவள் மறுபடியும் கடலையை எடுத்து உடைக்கத் தொடங்கினாள். நான் செய்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் சொன்னது சரி, நான் செய்தது தப்பு, என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கெடுத்தேன் என்று சொன்னேன். ஆபீசுக்கு எழுதி அந்த வரியை நீக்கச் சொல்கிறேன் என்றேன்.

"இனி அது வந்து என்னங்க பண்றது டீச்சர். வயசு போயிருச்சு" என்றாள். பருப்பின் மேல்தோல் கிழியாமல் ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டுக்கொண்டே பேசினாள். "நான் என்னமோ பண்ணித்தான் தொரத்திட்டாங்கன்னு ஊர்ல பேச்சுங்க. பாக்க வந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க. அதுகூடப் போவுதுங்க. எங்கண்ணன் எங்கூடப் பேசறதில்லீங்க. நான்தான் சோறாக்கிப் போடறேன். திங்கறான். பேச்சு மட்டும் இல்லீங்க. பதனோரு வருசமாச்சு."

"நீ சொல்லவில்லையா, என்ன நடந்தது என்று?"

"சொன்னனுங்க. எழுதி வந்ததை நம்புவாங்களா, நான் சொல்றதை நம்புவாங்களா?" என்று கேட்டுவிட்டு, ரோட்டுப் பக்கம் பார்த்தாள். "இப்ப வந்துருவான். சனிக்கெழமை மத்தியானம் ஊட்டுக்கு வருவான். எங்கிட்டச் சொன்னதை அவங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அரை மணியில் லாரி வந்து நின்றது. இப்போது அவன் டிரைவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு அப்படியே நின்றான். நான் எழுந்து நின்று சொன்னேன். உங்கள் தங்கை ஒரு தப்பும் செய்யவில்லை. நடத்தை என்று நான் எழுதியது நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. நான் பொய் எழுதச் சொன்னேன், அவள் மாட்டேன் என்றாள், அதற்காகத்தான் எழுதினேன் என்றேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏனுங்க, இதச் சொல்றதுக்குப் பதனோரு வருசம் ஆச்சுங்களா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே மேலே சொன்னான்.

"எங்கம்மா போயி ஆறு வருசமாச்சுங்க. கடைசி வரைக்கும் இவ என்னமோ பண்ணிட்டு வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டேதானுங்க போனாங்க. சாவறப்பக்கூட இவ கையால பால் ஊத்த உடலீங்க, நான்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போகாமல் திரும்பி நடந்து போய் லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

தெய்வானை கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள். "பஸ் வந்துரும் டீச்சர். போயிட்டு வாங்க" என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் சோறு போடுவதற்காக உள்ளே போய்விட்டாள். அதையும் அவள் தலையில் சுமத்த வேண்டாம் என்று நானும் ரோட்டுக்கு வந்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். அவன் தலையைக் குனிந்தபடி லாரிப் படியிலேயே இருந்தான். தெய்வானை சோற்றுத் தட்டோடு வெளியே வந்து அவனுக்கு நாலடி தள்ளி நின்றாள். அவன் கை நீட்டினானா, அவளிடம் ஏதாவது பேசினானா என்று பார்ப்பதற்குள் பஸ் கிளம்பித் திரும்பிவிட்டது.

அம்மா